ஒட்டுவது வேறு, திறப்பது வேறு: மிளகாய்க் காரத்திலிருந்து ஹீமோகுளோபின் வரை

காரைக்குடிப் பக்கம் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும் ஒரு புரதத்தில் ஒட்டுவதால்தான் எரிகிறது என்கிறார்களே, வெறுமே ஒட்டினால் புரதத்தின் வேலை எப்படி மாறும்? காரத்துக்குத் தண்ணீர் குடிக்காதே, மோரைக் குடி என்று அப்பத்தா சொல்வதில் அறிவியல் உண்டா? ரத்தப் புரதமான அல்புமினில் ஒரு சேர்மம் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறதே, எங்கே பிசகு?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு மூலக்கூறு புரதத்தில் ஒட்டுவது ஒரு நிகழ்வு, அதனால் புரதத்தின் செயல் மாறுவது இன்னொரு நிகழ்வு. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே படத்தில் வரைந்துவிடுவதால் குழப்பம் வருகிறது. பிரித்துப் பார்க்க மிளகாயைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகளின் சவ்வில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளையை உண்டாக்கும். நம் ஊர்க் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடை மூடியிருக்கும்வரை அயனிகள் வெளியே நிற்கும்; திறந்தால் சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும்; நரம்பு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் இந்த மடை தானாகத் திறக்கும். மிளகாயில் உள்ள கேப்சைசின் ஒட்டினாலும் திறக்கும். இரண்டுக்கும் ஒரே மடை, ஒரே செய்தி. அதனால்தான் ஆறிப்போன குழம்பில் இருக்கும் காரத்தையும் மூளை ‘சூடு’ என்றே படிக்கிறது. 1997ல் டேவிட் ஜூலியஸின் குழு கேப்சைசினைத் தூண்டிலாக வைத்துத்தான் இந்தப் புரதத்தின் மரபணுவைப் பிடித்தது. 2021ல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

கேப்சைசின் எங்கே உட்காருகிறது என்பதில்தான் சுவாரசியம். துளையில் அல்ல. துளைக்குப் பக்கவாட்டில், சவ்வுக் கொழுப்பை ஒட்டிய ஒரு குழியில். அந்தக் குழி காலியாகவும் கிடப்பதில்லை. சவ்விலிருந்து வந்த ஒரு கொழுப்பு மூலக்கூறு அதில் ஏற்கெனவே குடியிருக்கிறது. கேப்சைசின் வந்து அதை வெளியேற்றிவிட்டுத் தான் உட்காரும். வளையம் உள்ள தலை கீழே, கொழுப்பு வால் மேலே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; எலியின் புரதத்தில் பார்த்தால் அந்தச் சங்கிலியின் 511ஆம் இடத்து டைரோசின், 550ஆம் இடத்து திரியோனின், 570ஆம் இடத்து குளுட்டமேட் ஆகியவை தலையைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிக்கும்போது, குழியையும் துளையையும் இணைக்கும் ஒரு சிறு சுருள் வெளிப்பக்கமாக இழுபடுகிறது. அது இழுபட்டதும் துளையின் அடிவாய் விரிகிறது. மடைப் பலகையில் கை வைக்காமல், பலகையோடு கோத்த கம்பியைக் கரையில் நின்று இழுப்பது போல. வேலை நடக்கும் இடம் ஒன்று, ஒட்டும் இடம் இன்னொன்று. இப்படித் தள்ளி நின்று கட்டுப்படுத்துவதைத்தான் அல்லோஸ்டெரி என்கிறார்கள்.

இரண்டு இடங்களும் வேறு வேறு என்பதற்குச் சாட்சி தோட்டத்திலேயே உண்டு. கிளியும் மைனாவும் மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்கின்றன. பறவைகளுக்கும் இந்த மடை இருக்கிறது, சூட்டுக்குத் திறக்கிறது. ஆனால் கேப்சைசினுக்குத் திறப்பதில்லை, குழியின் அமைப்பு சற்று மாறியிருப்பதால். முயலுக்கு இன்னும் சின்ன வித்தியாசம்: 550ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலியூசின். அந்த ஒரு அமினோ அமில மாற்றத்தால் கேப்சைசினை உணரும் திறன் பெருமளவு போய்விடுகிறது. மடை அப்படியே இருக்க, கைப்பிடி மட்டும் இல்லாமல் போன நிலை.

இப்போது முதல் கேள்வியின் மையம். ஒட்டினால் ஏன் திறக்கிறது? கேப்சைசின் புரதத்தை ஓங்கி அடித்துத் திறப்பதாக எண்ண வேண்டாம். புரதம் ஒரே உருவத்தில் உறைந்து நிற்பதில்லை. மூடிய உருவம், திறந்த உருவம் இரண்டுக்கும் இடையே வெப்ப அசைவால் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். ஒன்றும் ஒட்டாதபோதும் எப்போதாவது ஒரு நொடிப்பொழுது திறந்து மூடும். திறந்த உருவத்தில் குழி கேப்சைசினுக்குக் கூடுதல் பொருத்தமாக இருக்கிறது. ஆகவே திறந்திருக்கும் நேரத்தில் வந்து ஒட்டினால் புரதம் அந்த உருவத்திலேயே நிலைத்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். இவை அளந்த எண்கள் அல்ல, விளக்கத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஓய்வில் 1000 மூடியவைக்கு 1 திறந்தது என்று இருக்கட்டும். லிகண்ட், அதாவது ஒட்டும் மூலக்கூறு, மூடிய உருவத்தைவிடத் திறந்த உருவத்தில் 10 மடங்கு இறுக்கமாக ஒட்டட்டும். ஒரு குழி நிரம்பினால் விகிதம் 100க்கு 1 ஆகும். மடை கிட்டத்தட்ட மூடியேதான் கிடக்கும். நான்கு குழியும் நிரம்பினால் 10 × 10 × 10 × 10 = 10,000 மடங்கு சாய்வு; 1000க்கு 1 என்றிருந்தது 1க்கு 10 ஆகத் திரும்பிவிடும். அதாவது சுமார் 91 சதவீதம் திறந்திருக்கும். இதே கணக்கில் லிகண்டின் விருப்பம் 10 மடங்குக்குப் பதில் 3 மடங்கு என்றால் நான்கும் நிரம்பினாலும் 81 மடங்குதான். திறந்தவை 8 சதவீதத்தைத் தாண்டாது. பகுதித் தூண்டி எனப்படும் மருந்துகள் ஏன் எவ்வளவு கொட்டினாலும் முழு விளைவு தருவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இரண்டு உருவத்திலும் ஒரே இறுக்கத்தில் ஒட்டும் மூலக்கூறு நான்கு குழியையும் நிரப்பினாலும் விகிதம் மாறவே மாறாது. ஒட்டும், திறக்காது. குழியை அடைத்துக்கொண்டு கேப்சைசினுக்கு இடம் விடாமல் தடுக்கும். அதைத்தான் எதிரி மருந்து என்கிறோம், டி.ஆர்.பி.வி.1க்குக் கேப்சசெபின் அப்படிப்பட்டது. மோனோ, வைமன், ஷான்ஷோ மூவரும் 1965ல் முன்வைத்த கோட்பாடு ஏறத்தாழ இதே தர்க்கம்தான்.

இப்படிப் பார்த்தால் பல தூண்டுதல்கள் ஒரே மடையில் கூடிக்கொள்வது இயல்பாகத் தெரியும். சூடு திறந்த உருவத்தின் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது, கேப்சைசின் இன்னும் கொஞ்சம். அதனால் கேப்சைசின் இருக்கும்போது 43 டிகிரி வரை போக வேண்டியதில்லை, உடல் வெப்பமே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு சாப்பிடும் கோழிக்குழம்பு, ஆறவைத்த அதே குழம்பைவிடக் காரமாகத் தெரிவது இதனால்தான். அமிலமும் வெளிப்புறமிருந்து இதே பக்கம் சாய்க்கும். புரோட்டான்கள் ஒட்ட 600, 648ஆம் இடங்களில் தனிக் குளுட்டமேட்டுகள் உண்டு. வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே சுடுவதும் இந்தக் கதைதான்: அழற்சியின்போது கைனேஸ் நொதிகள் இந்தப் புரதத்தின் சில செரின்களில் பாஸ்பேட்டைக் கோத்துவிடுகின்றன. இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு தொகுதி வந்து உட்கார்ந்ததும் சமநிலை நகர்ந்து, திறக்கும் வெப்பநிலை கீழே இறங்குகிறது. அடக்கும் பக்கமும் உண்டு. திறந்த மடை வழியே வந்த கால்சியம், கால்மோடுலின் என்ற புரதத்தில் ஒட்டி, மடையை மந்தமாக்குகிறது. பழகியவர்கள் காரம் தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

பாஸ்பேட் ஏற்றுதலைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். அது நொதியால் கோக்கப்படும் கோவலன்ட் பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் உறுதியான பிணைப்பு; அவிழ்க்க இன்னொரு நொதி வேண்டும். கேப்சைசின் அப்படியல்ல, தானே வந்து தானே போகும்.

அஞ்சறைப்பெட்டியில் இதற்கு நேர்மாறான ஆளும் இருக்கிறது. கடுகு. கடுகின் உறைப்பு, பக்கத்து மடையான டி.ஆர்.பி.ஏ.1ல் வேலை செய்கிறது. உறைப்புக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட் அங்கே குழிக்குள் வெறுமே உட்காருவதில்லை. சிஸ்டீனின் கந்தகத்தோடு கோவலன்ட் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. பட்டையின் சின்னமால்டிஹைடும் அதே வழிதான். இப்படிப்பட்டவற்றுக்கு உருவப் பொருத்தத்தைவிட வினைத்திறன்தான் முக்கியம். அதனால்தான் ஒன்றோடொன்று சாயலே இல்லாத பல எரிச்சலூட்டிகள் இதே மடையைத் திறக்கின்றன. ஒரு சமையல் விவரம்: கடுகில் இந்தப் பொருள் முன்கூட்டியே இருப்பதில்லை. அரைத்து நீர் படும்போது மைரோசினேஸ் நொதிதான் உண்டாக்குகிறது. காய்ந்த எண்ணெயில் முழுக்கடுகைப் போட்டு வெடிக்கவிட்டால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகு உறைக்காததற்கும் அரைத்த கடுகு மூக்கில் ஏறுவதற்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

செட்டிநாட்டு மசாலாவில் கட்டாயம் இருக்கும் அன்னாசிப்பூவையும் சொல்லாமல் விட முடியாது. அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம்தான் ஓசல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்துக்கு மூலப்பொருளாக வந்தது. குழம்பில் போடும் பூ மருந்தாகாது. பல வேதிப் படிகளுக்குப் பிறகே அது மருந்து. நமக்கு வேண்டியது அந்த மருந்து ஒட்டும் விதம். வைரஸின் நியூராமினிடேஸ் நொதியில் மருந்து நுழையும்போது 276ஆம் குளுட்டமேட் தன் பக்கக் கையைத் திருப்பி, மருந்தின் எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிக்கு இடம் ஒதுக்குகிறது. 274ஆம் இடத்து ஹிஸ்டிடின் டைரோசினாக மாறினால், அந்தப் பருமனான டைரோசின் இடித்துக்கொண்டு நிற்பதால் குளுட்டமேட்டால் திரும்ப முடியாது. மருந்து பலிப்பதில்லை. 2007 முதல் 2009 வரை பரவிய பருவகால எச்1என்1 வைரஸ்களில் இந்த மாற்றம்தான் பரவலாக இருந்தது. அந்தத் திருப்பம் தேவைப்படாத இன்னொரு ஃப்ளூ மருந்தான ஸனமிவிர் அவற்றின் மேலும் வேலை செய்தது. 1894ல் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு சாவி உவமை இந்த இடத்தில் போதாது. பெட்டகத்துக்குள் சாவி போனால் பூட்டின் உடம்பு நெளிவதில்லை, புரதம் நெளிகிறது. 1958ல் கோஷ்லண்ட் சொன்ன தூண்டப்பட்ட பொருத்தம் இதுதான்.

இறுக்கத்தை எப்படிச் சொல்வது? கே.டி. என்னும் பிரிகை மாறிலியால். சும்மா உலவும் லிகண்டின் செறிவு எவ்வளவு இருந்தால் பாதிப் புரதம் நிரம்பியிருக்குமோ அந்தச் செறிவே கே.டி. எண் சிறிதானால் பிடி இறுக்கம். நிரம்பிய பங்கு = லிகண்ட் ÷ (லிகண்ட் + கே.டி.). கே.டி.யின் 9 மடங்கு போட்டால் 90 சதவீதம், 99 மடங்கு போட்டால் 99. ஒன்பதில் ஒரு பங்கு போட்டால் 10 சதவீதம். ஆக, 10லிருந்து 90க்கு ஏற 81 மடங்கு செறிவு மாற வேண்டும். மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், ஹீமோகுளோபினுக்கு வரும்போது தேவைப்படும்.

கே.டி. என்பது நேரமும்கூட. பிரியும் வேகத்தைச் சேரும் வேகத்தால் வகுத்தால் வருவது அது. சேரும் வேகம் மோலாருக்கு நொடிக்கு 10 லட்சம் என்று வைத்தால், கே.டி. 1 மைக்ரோமோலார் உள்ள கூட்டு அரை ஆயுள் 0.7 நொடி. 1 நானோமோலார் என்றால் பதினொன்றரை நிமிடம். 1 பிக்கோமோலார் என்றால் 8 நாள். இந்த வரிசையின் உச்சியில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு. நம் பழைய வீடுகளின் பளபளக்கும் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு சேர்த்ததாகச் சொல்லும் அதே வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் உண்டு. பயோட்டினை அது பிடிக்கும் கே.டி. சுமார் 10ன் அடுக்கு மைனஸ் 15 மோலார். பிடித்தால் விட மாதக்கணக்காகும். பச்சை முட்டை வெள்ளையைத் தொடர்ந்து நிறையக் குடித்தால் பயோட்டின் குறைபாடு வருவது இதனால். வேகவைத்தால் அவிடின் உருக்குலைந்து பிடி விட்டுப்போகும்.

ஆற்றல் கணக்கில் சொன்னால், 25 டிகிரியில் கே.டி. 10 மடங்கு குறைய மோலுக்கு 1.4 கிலோகலோரி போதும். நன்றாக அமைந்த ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் நிகரப் பலன் ஏறத்தாழ அவ்வளவுதான். முயலின் ஒற்றை மாற்றம் ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்தது என்பது இப்போது புரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம், அப்பத்தா சொன்னது முழுக்கச் சரி. புரதத்தில் ஒட்டுவதற்குக் கணக்கில் வருவது சும்மா உலவும் கேப்சைசின் மட்டும்தான். வேறெதிலாவது ஒட்டிக்கிடப்பது கணக்கில் வராது. கேப்சைசின் நீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும், குளிர்ச்சியாக இருக்கும்வரை சூட்டுப் பக்கச் சாய்வு குறையும், விழுங்கியதும் எரிச்சல் திரும்பும். பாலின் கேசீனில் எண்ணெய்த்தன்மையுள்ள இடங்கள் நிறைய. கேப்சைசின் அவற்றில் ஒட்டிக்கொண்டால் உலவும் செறிவு இறங்கும். மடையில் ஒட்டியிருப்பவையும் நொடிகளில் கழன்று வர, இழுத்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு நீக்கிய பாலும் நன்றாகவே ஆற்றுகிறது, ஆகவே கொழுப்பு மட்டும் காரணமில்லை, புரதமே பெரும் பங்கு. நீர்மோரைவிடக் கெட்டியான மோரோ தயிரோ மேல், ஒட்டும் இடங்கள் அதிகம் என்பதால். அதிகம் புளித்ததைத் தவிர்க்கலாம். வாயில் அரை நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும், உடனே விழுங்கினால் பாதிப் பலன்தான். இன்னொன்று: காரம் விதையில் இருக்கிறது என்பார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் கேப்சைசின் உண்டாகிறது. குண்டு மிளகாயைக் கிள்ளும்போது அந்தச் சவ்வை எடுத்துவிட்டால் மணம் தங்கும், காரம் குறையும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுருக்கமாகப் பார்ப்போம். தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினுக்கு ஒரே பிணைப்பிடம். ஆக்சிஜனின் அழுத்தம் 2 முதல் 3 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தாலே பாதி நிரம்பிவிடும். நுரையீரலின் 100லும் திசுவின் 40லும் அது நிரம்பியே இருக்கும். சேமிக்கத் தோது, விநியோகத்துக்கு உதவாது. ஹீமோகுளோபினில் நான்கு இடம், இரண்டு உருவம். ஒன்று நிரம்பினால் மற்றவை எளிதாக நிரம்பும். பாதி நிரம்ப 26 அல்லது 27 வேண்டும். மேலே சொன்ன 81 மடங்கு இங்கே சுமார் 5 மடங்காகச் சுருங்குகிறது. விளைவு, நுரையீரலில் 97, 98 சதவீதம் ஏற்றிக்கொண்டு திசுவில் 75க்கு இறக்கிவிட்டு வர முடிகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் 2,3-பி.பி.ஜி. என்ற சிறு மூலக்கூறு, ஆக்சிஜன் இல்லாத உருவத்தின் நடுப்பள்ளத்தில் மட்டும் உட்கார்ந்து அந்த உருவத்தை நிலைப்படுத்துகிறது, அதனால் ஆக்சிஜன் இறங்க உதவுகிறது. கருவின் ஹீமோகுளோபினில் அந்தப் பள்ளத்து ஹிஸ்டிடின் ஒன்று செரினாக இருப்பதால் பி.பி.ஜி. சரியாகப் பிடிப்பதில்லை, தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிள்ளை வாங்கிக்கொள்ள அது வழி செய்கிறது. மிளகாய் மடையில் பார்த்த அதே சாய்வுக் கணக்கு, எதிர்ப்பக்கமாக.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம். மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் இருக்கும் ஊர்க்காரருக்கு இது பிடிக்கும். விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டையில், குளுக்கோஸைப் பிடிக்கும் நொதி எலக்ட்ரானை மின்முனைக்குக் கொடுக்கிறது, மின்னோட்டமே எண்ணாகிறது. சில பட்டைகளில் பயன்பட்ட பி.க்யூ.க்யூ. வகை நொதி மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எடுத்துக்கொண்டது. ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலால் வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் உண்டு. சர்க்கரை இல்லாத இடத்தில் உயர்ந்த எண் காட்டி, அதை நம்பி இன்சுலின் ஏற்றி, உயிரே போன சம்பவங்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ல் எச்சரிக்கை விட்டது. ஒரு நொதி எதைப் பிடிக்கிறது என்று கேட்பதோடு, வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்றும் கேட்டாக வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி, உங்கள் அல்புமின். நீங்கள் செய்வது டிரிப்டோபன் ஒளிர்வு தணிப்பு முறை (புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு, லிகண்ட் ஒட்ட ஒட்டக் குறைவதை அளப்பது) என்று எடுத்துக்கொள்கிறேன், கல்லூரி ஆய்வகங்களில் அதுதான் வழக்கம். மஞ்சளின் குர்குமினை லிகண்டாக வைத்தே சொல்கிறேன், அதில்தான் எல்லாப் பிசகும் ஒன்றாக வரும்.

பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்): 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 150 மில்லிமோலார் உப்பு, பி.எச். 7.4, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது. மாட்டு அல்புமின் 10 மில்லிகிராமை 5 மில்லிலிட்டரில் நுரை வராமல் கரையுங்கள். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோமோலார். எடை போட்ட எண்ணை நம்ப வேண்டாம், பொடியில் ஈரம் இருக்கும். பாதியாக நீர்த்து 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் 0.66 வரும். 0.60 வந்தால் உங்களிடம் இருப்பது 0.91 மில்லிகிராம்தான், அதையே கணக்கில் எடுங்கள். கொழுப்பமிலம் நீக்கிய அல்புமினாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஐந்தாம் பின்னப் (ஃபிராக்ஷன் V) பொடியில் கொழுப்பமிலங்கள் குழிகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பொடி மாறினால் எண் மாறும்.

குவார்ட்ஸ் குவெட்டில் 2.9 மில்லிலிட்டர் பஃபரும் 100 மைக்ரோலிட்டர் அல்புமினும். இப்போது 1 மைக்ரோமோலார். குர்குமினை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 1 மில்லிமோலாராக அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, 3 மைக்ரோலிட்டர் வீதம் 12 தடவை சேருங்கள். ஒவ்வொன்றும் 1 மைக்ரோமோலார் கூட்டும், மொத்த டி.எம்.எஸ்.ஓ. 1.2 சதவீதம். 295 நானோமீட்டரில் தூண்டி, 305 முதல் 450 வரை அலகிட்டு, 345 அருகே எண் எடுங்கள். 280ல் தூண்டினால் டைரோசினும் சேர்ந்து ஒளிரும். ஒரு நாள் 280, இன்னொரு நாள் 295 என்று செய்துவிட்டு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் எண் நிலைக்கும்வரை, குறைந்தது 3 நிமிடம் பொறுங்கள். பொறுத்திருக்கும்போது ஷட்டரை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்திலேயே டிரிப்டோபன் சிதையும். குவெட் தாங்கியை 25 டிகிரியில் நிறுத்துங்கள். வெப்பம் ஏற ஏற டிரிப்டோபன் ஒளிர்வு தானே குறையும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் காலை எண்ணும் மதிய எண்ணும் ஒத்துப்போகாது.

மூன்று ஒப்பீடு அவசியம்: லிகண்ட் இல்லாமல் வெறும் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தது, புரதம் இல்லாமல் பஃபரில் குர்குமின் சேர்த்தது, புரதத்துக்குப் பதில் டிரிப்டோபனைப் போன்ற சிறு மூலக்கூறான என்-அசிட்டைல் டிரிப்டோபனமைடு வைத்தது. மூன்றாவதில் குழியே கிடையாது. அதிலும் ஒளிர்வு குறைந்தால் அந்தக் குறைவு பிணைப்பு அல்ல.

பெரும்பாலும் அது குறையும், காரணம் உள்வடிகட்டல். குர்குமின் 295லும் ஒளியை விழுங்கும், 345லும் விழுங்கும். தூண்டும் ஒளி புரதத்தை எட்டும் முன்பே குறைகிறது, வெளிவரும் ஒளியும் குறைகிறது. திருத்தம் எளிது: இரண்டு அலைநீளத்திலும் உறிஞ்சலை அளந்து, கூட்டிப் பாதியாக்கி, 10ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி ஒளிர்வைப் பெருக்குங்கள். 0.12ம் 0.08ம் வந்தால் பாதி 0.1, பெருக்கும் எண் 1.26. ஒளிர்வு 100லிருந்து 80க்கு இறங்கியிருந்தது என்றால், திருத்தியபின் 100.8. நீங்கள் பிணைப்பு என்று எழுதிய 20 சதவீதம் முழுவதும் காற்றில் போய்விட்டது. இந்த ஒரு திருத்தம் செய்யாததால் வீணாகும் அளவீடுகள்தான் மிக அதிகம்.

அடுத்த பிசகு கணக்கில். நிரம்பிய பங்கின் சூத்திரத்தில் வருவது சும்மா உலவும் லிகண்ட். நீங்கள் அறிந்தது சேர்த்த மொத்தம். புரதச் செறிவு கே.டி.யைவிட மிகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றே. இல்லையென்றால் கணிசமான லிகண்ட் புரதத்திலேயே போய்விடும். புரதம் 1, லிகண்ட் மொத்தம் 1, கே.டி. 1 மைக்ரோமோலார் என்றால் நிரம்புவது 50 சதவீதம் அல்ல, 38. பயன்படுத்த வேண்டிய இருபடிச் சூத்திரம்:

கூட்டு = [(பு + லி + கே) − √((பு + லி + கே)² − 4 × பு × லி)] ÷ 2

பு மொத்தப் புரதம், லி மொத்த லிகண்ட், கே பிரிகை மாறிலி. இதிலிருந்து பாதி நிரம்பும் இடம் கே.டி. + புரதத்தின் பாதி என்று வரும். ஆக, உண்மை கே.டி. 0.01 மைக்ரோமோலாராக இருந்து நீங்கள் 1 மைக்ரோமோலார் புரதம் வைத்தால் பாதி நிரம்புவது 0.51ல், பிடி 50 மடங்கு தளர்வு என்று தவறாக எழுதுவீர்கள். ஒவ்வொரு நாளும் புரதச் செறிவு கொஞ்சம் மாறினால் உங்கள் ‘கே.டி.’யும் கூடவே மாறும். உங்கள் எண் நிலைக்காததற்கு இதுவே முதல் சந்தேகம். சோதிப்பது சுலபம்: புரதத்தை 0.5, 1, 2 மைக்ரோமோலாரில் வைத்து மூன்று தடவை செய்யுங்கள். நேர்மையான கே.டி. மூன்றிலும் ஒன்றே. எண் புரதத்தோடு சேர்ந்து ஏறினால் நீங்கள் அளப்பது புரதத்தின் செறிவைத்தான், இறுக்கத்தை அல்ல. இரட்டை மடக்கை வரைபடத்தை விட்டுவிடுங்கள்; அது மொத்த லிகண்டையே உலவும் லிகண்டாக எடுத்துக்கொள்கிறது, அழகான நேர்கோடு வேறு காட்டி ஏமாற்றும். நேரியல் அல்லாத பொருத்தம்தான் வழி.

தணிப்பு மோதலாலா, கூட்டாலா என்ற கேள்வியும் வரும். ஸ்டெர்ன்-வோல்மர் சாய்வை (தொடக்க ஒளிர்வு ÷ மிஞ்சிய ஒளிர்வு என்பதை லிகண்ட் செறிவுக்கு எதிராக வரைந்த கோட்டின் சாய்வு) டிரிப்டோபனின் ஒளிர்வு ஆயுளால் வகுத்துப் பாருங்கள். சாய்வு மோலாருக்கு 50,000, ஆயுள் 5 நானோநொடி என்றால் 10ன் அடுக்கு 13 வரும். நீரில் மோதலின் உச்ச வேகம் 10ன் அடுக்கு 10தான். ஆயிரம் மடங்கு மீறுவதால் அது மோதலாக இருக்க முடியாது, கூட்டுதான்.

குர்குமினுக்கே உரிய தொல்லை: பி.எச். 7.4ல் புரதமில்லாத பஃபரில் அது நிமிடக்கணக்கில் சிதையும். அல்புமினில் ஒட்டியது தாங்கும். ஆகவே புரதமில்லா ஒப்பீட்டைக் கடைசிக்குத் தள்ளாமல் உடனுக்குடன் அளந்து, முடிவில் 425 நானோமீட்டர் உச்சி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கரைசல் கலங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து இதே சேர்மத்தை ஒரு நொதியில் சோதிக்கப் போனால், ஒட்டுகிறது என்பதை வைத்துத் தடுக்கிறது என்று எழுத வேண்டாம்; செயலைத் தனியாக அளக்க வேண்டும். போட்டித் தடுப்பானாக இருந்தால் பாதிச் செயல் நிற்கும் செறிவு (ஐ.சி.50), நீங்கள் போட்ட சப்ஸ்ட்ரேட்டோடு, அதாவது நொதி வேலை செய்யும் பொருளோடு, ஏறும். சப்ஸ்ட்ரேட் கே.எம். (நொதி பாதி உச்ச வேகத்தில் இயங்கும் சப்ஸ்ட்ரேட் செறிவு) அளவில் இருந்தால் உண்மைத் தடுப்பு மாறிலியின் 2 மடங்கு, 9 மடங்கு கே.எம். இருந்தால் 10 மடங்கு. எந்தச் செறிவில் செய்தீர்கள் என்று எழுதாத ஐ.சி.50க்குப் பொருளில்லை. குர்குமின் போன்ற எண்ணெய்த்தன்மைச் சேர்மங்கள் மைக்ரோமோலார் செறிவில் நுண்துகள்களாகத் திரண்டு, எந்த நொதியையும் மேலே ஒட்டவைத்து முடக்கிவிடவும் கூடும். பஃபரில் 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புத்தன்மைப் பொருளைச் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். தடுப்பு மறைந்துபோனால் தடுத்தது துகள்கள்தான், குழியில் ஒட்டிய மூலக்கூறு அல்ல.